சி ஷார்ப்பில் நாமே எழுதும் அட்ரிப்யூட்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சி ஷார்ப்பும் டாட்நெட்டும் ஓரளவு தெரிந்தவர்களுக்கானது இந்தப் பக்கம். கிளாஸ், பிராப்பர்ட்டி, கன்ஸ்ட்ரக்டர் பழக்கமாகி, சதுர அடைப்புக்குள் இருக்கும் அட்ரிப்யூட் வரிகளை மட்டும் "ஏதோ இருக்கட்டும்" என்று தாண்டிப் போகிறவர்கள் என்று வைத்துக்கொள்ளலாம். எடுத்துக்காட்டு பெரும்பாலும் ஒன்றுதான்: ஒரு பள்ளியின் மதிப்பெண் பட்டியலை சிஎஸ்வி கோப்பாக எழுதித் தரும் சின்ன நிரல். கிளாஸுக்கும் பிராப்பர்ட்டிக்கும் தமிழிலேயே பெயர் வைக்க சி ஷார்ப் கம்பைலர் அனுமதிக்கிறது. அதனால் எடுத்துக்காட்டுகளில் வரும் பெயர்கள் தமிழில் இருக்கும்.

அட்ரிப்யூட் என்னதான் செய்கிறது?

தானாக எதுவும் செய்யாது. ஒரு கிளாஸின் மேலோ மெத்தடின் மேலோ ஒட்டிவைத்த குறிப்பு அது, அவ்வளவுதான். யாராவது வந்து படித்தால்தான் அதற்கு வேலை. படிப்பவர் யார் என்பதைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

சிலவற்றைக் கம்பைலர் படிக்கிறது. 'அப்சலீட்' என்று ஒரு மெத்தடின் தலையில் எழுதினால், அதை அழைக்கும் இடத்தில் எல்லாம் எச்சரிக்கை வருவது அப்படித்தான். சிலவற்றை ஃபிரேம்வொர்க்குகள் படிக்கின்றன. என்யூனிட்டில் 'டெஸ்ட்' என்றும் எக்ஸ்யூனிட்டில் 'ஃபேக்ட்' என்றும் குறித்த மெத்தட்களைத் தேடிப்பிடித்து ஓட்டுவது அந்தந்த டெஸ்ட் ஃபிரேம்வொர்க். நீங்களே எழுதிய அட்ரிப்யூட்டைக் கம்பைலருக்கும் தெரியாது, ஃபிரேம்வொர்க்குக்கும் தெரியாது. படிக்கும் நிரலையும் நீங்கள்தான் எழுத வேண்டும். "அட்ரிப்யூட் போட்டேன், ஒன்றும் நடக்கவில்லை" என்று வரும் கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு இதுவே பதில்.

நானே ஒன்று எழுதும் தேவை எப்போது வரும்?

ஒரே மாதிரியான தகவலைப் பல கிளாஸ்களில், பல பிராப்பர்ட்டிகளுக்குச் சொல்ல வேண்டியிருந்து, அதைப் பயன்படுத்தும் நிரல் ஒரே இடத்தில் இருக்கும்போது. நம் மதிப்பெண் பட்டியலையே பாருங்கள். மாணவர் கிளாஸில் பத்து பிராப்பர்ட்டிகள். எது எது கோப்பில் போக வேண்டும், எந்தத் தலைப்பில், எத்தனையாவது இடத்தில் என்று சொல்ல வேண்டும். நாளை ஆசிரியர் கிளாஸ் வரும், பிறகு நூலகப் புத்தகம் வரும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக எழுதுவதைவிட, பிராப்பர்ட்டியின் தலையிலேயே குறித்துவிட்டு எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே எழுதியை (கோப்பை எழுதும் நிரல்பகுதியை) வைத்துக்கொள்வது சுலபம்.

எழுதுமுன் ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ஜேசன் (JSON) தரவில் பெயர் மாற்றம், தரவுச் சரிபார்ப்பு, திரையில் காட்டும் பெயர் ஆகியவற்றுக்கு டாட்நெட்டிலேயே அட்ரிப்யூட்கள் உண்டு.

சரி, எப்படி எழுதுவது?

'சிஸ்டம்.அட்ரிப்யூட்' கிளாஸிலிருந்து இன்ஹெரிட் செய்யும் எந்த சாதாரண கிளாஸும் அட்ரிப்யூட்தான். 'நெடுவரிசை' என்று ஒரு கிளாஸ் எழுதுங்கள். கட்டாயம் வேண்டிய தகவலை (இங்கே தலைப்பு) கன்ஸ்ட்ரக்டரில் வாங்குங்கள். இருந்தாலும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்பதை (இங்கே வரிசை எண்) கெட், செட் இரண்டும் உள்ள பப்ளிக் பிராப்பர்ட்டியாக வையுங்கள். கிளாஸை 'சீல்டு' என்று அறிவித்துவிடுங்கள். மாணவர் கிளாஸில் அது இப்படி நிற்கும்:

[நெடுவரிசை("பதிவு எண்", வரிசை = 1)]

[நெடுவரிசை("மாணவர் பெயர்", வரிசை = 2)]

முதலில் வரும் பெயரில்லாத மதிப்பு கன்ஸ்ட்ரக்டருக்குப் போகிறது. சமக்குறி போட்டு எழுதியது பிராப்பர்ட்டிக்குப் போகிறது. கட்டாயமானது கன்ஸ்ட்ரக்டரில், விருப்பமானது பிராப்பர்ட்டியில் என்ற இந்தப் பிரிவை மீற வேண்டாம். ஏன் என்பது கடைசிக் கேள்வியில் தெரியும்.

கிளாஸ் பெயரின் கடைசியில் 'அட்ரிப்யூட்' என்று சேர்க்க வேண்டுமா?

கட்டாயமில்லை, வழக்கம். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லைப் பின்னொட்டாகச் சேர்த்திருந்தால், பயன்படுத்தும்போது அதை விட்டுவிட்டு எழுதலாம். கம்பைலர் இரண்டு பெயரையும் தேடிப்பார்க்கும். பின்னொட்டு உள்ளதும் இல்லாததுமாக இரண்டு அட்ரிப்யூட் கிளாஸ்கள் ஒரே பெயரில் இருந்தால் எது என்று தெரியாமல் பிழை சொல்லும்.

'அட்ரிப்யூட் யூசேஜ்' என்பதில் என்னவெல்லாம் சொல்லலாம்?

மூன்று விஷயம். எதன் மேல் ஒட்டலாம் (கிளாஸ், மெத்தட், பிராப்பர்ட்டி, பாராமீட்டர், கம்பைல் ஆகி வரும் முழு அசெம்பிளிக் கோப்பு என்று), ஒரே இடத்தில் ஒன்றுக்கு மேல் ஒட்டலாமா, பிள்ளைக் கிளாஸுக்கும் சேருமா. ஒன்றுமே சொல்லாவிட்டால்: எதன் மேலும் ஒட்டலாம், ஒரு முறைதான் ஒட்டலாம், பிள்ளைக்கும் சேரும்.

முதலாவதை மட்டும் சோம்பலில் விட்டுவிடாதீர்கள். நம் நெடுவரிசை பிராப்பர்ட்டியின் மேல் மட்டுமே பொருளுள்ளது. அதைச் சொல்லிவைத்தால், யாராவது மெத்தடின் மேல் ஒட்டும்போது கம்பைலரே தடுக்கும். சொல்லாவிட்டால் நிரல் கம்பைல் ஆகும், ஓடும், கோப்பில் அந்த நெடுவரிசை மட்டும் இருக்காது. நம் எழுதி பிராப்பர்ட்டிகளை மட்டும்தானே தேடுகிறது.

தேதியையும் டெசிமலையும் கொடுத்தால் கம்பைலர் ஏன் மறுக்கிறது?

கம்பைல் ஆகும்போது நீங்கள் அட்ரிப்யூட்டுக்குக் கொடுத்த மதிப்புகள் அசெம்பிளியின் மெட்டாடேட்டாவில் (கிளாஸ்களைப் பற்றிய விவரப் பகுதியில்) பைட்களாக எழுதப்படுகின்றன. எந்தக் கன்ஸ்ட்ரக்டர், என்ன மதிப்புகள் என்பது மட்டும் அங்கே இருக்கும். ஆப்ஜெக்ட் எதுவும் இருக்காது. அந்தப் பைட்களின் அமைப்பை எக்மா-335 என்ற தரநிலை வகுத்திருக்கிறது. அதில் இடம்பெறக்கூடியவை: பூலியன், எழுத்து, முழு எண் வகைகள், ஃப்ளோட், டபுள், ஸ்ட்ரிங், ஈனம் (enum), 'டைப்', இவற்றின் ஒற்றைப் பரிமாண அரேக்கள். 'ஆப்ஜெக்ட்' என்று அறிவிக்கலாம், ஆனால் உள்ளே வைப்பது இந்த வகைகளில் ஒன்றாகவே இருக்க வேண்டும்.

டெசிமலை சி ஷார்ப்பில் கான்ஸ்டன்ட்டாக அறிவிக்க முடியும் என்பதால் இங்கேயும் நடக்கும் என்று நினைக்கத் தோன்றும். நடக்காது. டாட்நெட் மெட்டாடேட்டாவுக்கு டெசிமல் ஒரு அடிப்படை வகை இல்லை. தேதியும் அப்படியே. நல் (null, மதிப்பே இல்லாத நிலை) ஆகக்கூடிய இன்ட்டும் கூடாது. 'வரிசை' கொடுக்கப்படவில்லை என்பதைக் காட்ட நல் வைக்க நினைத்தால் நடக்காது, -1 மாதிரி ஒரு மதிப்பை ஒதுக்கிக்கொள்ள வேண்டும்.

வழி என்ன? தேதியை "2025-06-02" என்று ஸ்ட்ரிங்காக வாங்கி, படிக்கும் இடத்தில் மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றும்போது இன்வேரியன்ட் கல்ச்சரைக் குறிப்பிட மறக்க வேண்டாம். இல்லாவிட்டால் உங்கள் கணினியில் சரியாகப் படிக்கும் தேதியோ எண்ணோ வேறு வட்டார அமைப்புள்ள சர்வரில் வேறு மதிப்பாகும். கொஞ்சம் சிக்கலான தர்க்கம் வேண்டுமென்றால் அதை ஒரு கிளாஸில் எழுதி, அந்தக் கிளாஸின் டைப்பை அட்ரிப்யூட்டுக்குக் கொடுங்கள். படிப்பவர் அந்த டைப்பிலிருந்து ஆப்ஜெக்ட் உருவாக்கிக்கொள்வார்.

அட்ரிப்யூட்டின் கன்ஸ்ட்ரக்டரில் பிரேக்பாயின்ட் வைத்தேன், மாணவர் ஆப்ஜெக்ட் உருவாகும்போது அங்கே நிற்கவே இல்லையே?

நிற்காது. மாணவர் ஆப்ஜெக்ட் ஆயிரம் உருவானாலும் அட்ரிப்யூட் ஆப்ஜெக்ட் ஒன்றுகூட உருவாகாது. ரிஃப்ளெக்‌ஷன் (நிரல் ஓடும்போதே தன் கிளாஸ்களைப் புரட்டிப் பார்க்கும் வசதி) வழியாக யாராவது "இந்தப் பிராப்பர்ட்டியில் என்ன குறிப்பு இருக்கிறது, கொடு" என்று கேட்கும் கணத்தில்தான், மெட்டாடேட்டாவில் உள்ள பைட்களைப் படித்து, கன்ஸ்ட்ரக்டரை ஓட்டி, பிறகு சமக்குறி போட்ட பிராப்பர்ட்டிகளை நிரப்பி, ஆப்ஜெக்ட்டைக் கையில் தருகிறது ரன்டைம்.

இதிலிருந்து மூன்று விளைவுகள். ஒன்று, கேட்கும் ஒவ்வொரு முறையும் புது ஆப்ஜெக்ட் வரும். முதல் முறை வாங்கியதில் ஒரு மதிப்பை மாற்றிவிட்டு, அடுத்த முறை கேட்கும்போது அது இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. இரண்டு, சமக்குறி மதிப்புகள் கன்ஸ்ட்ரக்டருக்குப் பிறகே நிரம்புவதால், கன்ஸ்ட்ரக்டருக்குள் 'வரிசை'யைச் சோதித்துப் பயனில்லை. அப்போது அது இன்னும் இயல்பு மதிப்பிலேயே இருக்கும்.

மூன்றாவதுதான் ஆளைக் கவிழ்ப்பது. தலைப்பு வெறுமையாக இருந்தால் கன்ஸ்ட்ரக்டரில் எக்ஸப்ஷன் வீசலாம் என்று எழுதுகிறோம். யாரோ வெறும் தலைப்போடு ஒட்டுகிறார். கம்பைல் ஆகிறது, நிரல் தொடங்குகிறது, எல்லாம் சுகம். மாதக் கடைசியில் ஒருவர் 'பதிவிறக்கு' பொத்தானை அழுத்தும்போதுதான் எக்ஸப்ஷன் வெளியே வருகிறது. ஆகவே அட்ரிப்யூட்டுக்குள் செய்யும் சோதனை முன்கூட்டியே பிடிக்கும் என்று நம்பாதீர்கள். ஒரு யூனிட் டெஸ்ட் எழுதிவிடுங்கள்: அசெம்பிளியில் உள்ள எல்லா கிளாஸ்களையும் சுற்றி வந்து, நெடுவரிசை ஒட்டிய ஒவ்வொரு பிராப்பர்ட்டியையும் படித்து, தலைப்பு காலியாக இல்லை, ஒரே கிளாஸில் ஒரே வரிசை எண் இருமுறை வரவில்லை என்று பார்க்கட்டும். இருபது வரி டெஸ்ட்தான். புதிதாகச் சேர்பவர் செய்யும் தவறையும் அதுவே பிடித்துக்கொள்ளும்.

படிப்பதற்கு எந்த மெத்தடைப் பயன்படுத்துவது?

டைப்பை எடுத்து, 'கெட் பிராப்பர்ட்டிஸ்' அழைத்து, ஒவ்வொன்றின் மேலும் ஜெனரிக் வடிவ 'கெட் கஸ்டம் அட்ரிப்யூட்' அழையுங்கள். 'சிஸ்டம்.ரிஃப்ளெக்‌ஷன்' நேம்ஸ்பேஸில் எக்ஸ்டென்ஷன் மெத்தடாக இருக்கிறது. இல்லாவிட்டால் நல் தரும். ஒன்றுக்கு மேல் ஒட்ட அனுமதித்த அட்ரிப்யூட் இரண்டு இருக்கும் இடத்தில் இந்த ஒருமை மெத்தடை அழைத்தால், எதைத் தருவது என்று தெரியாமல் எக்ஸப்ஷன் வீசும். அங்கே பன்மை வடிவத்தை அழையுங்கள். இருக்கிறதா இல்லையா என்று மட்டும் தெரிந்தால் போதும் என்றால் 'ஈஸ் டிஃபைன்டு'. அது ஆப்ஜெக்ட்டே உருவாக்காது.

பிராப்பர்ட்டிகள் நான் எழுதிய வரிசையிலேயே வருமா? 'வரிசை' எண் உண்மையில் தேவையா?

டாட்நெட் 6 வரை எந்த வரிசைக்கும் உத்தரவாதமில்லை என்றே ஆவணம் சொன்னது. டாட்நெட் 7 முதல் மெட்டாடேட்டாவில் உள்ள வரிசையிலேயே வரும் என்கிறது. இருந்தாலும் கிளாஸ் 'பார்ஷியல்' ஆக இரண்டு கோப்புகளில் கிடந்தாலோ, ஒருவர் பிராப்பர்ட்டிகளை அகர வரிசையில் அடுக்கிவிட்டாலோ கோப்பின் நெடுவரிசைகள் இடம் மாறிவிடும். கல்வி அலுவலகம் நெடுவரிசை இடத்தை வைத்துப் படிக்கும் கோப்பு என்றால் வெளிப்படையான எண்ணே நல்லது.

எண் எழுத அலுப்பாக இருந்தால் ஒரு தந்திரம் உண்டு. கன்ஸ்ட்ரக்டரில் விருப்பப் பாராமீட்டர் ஒன்று வைத்து, அதன் மேல் சி ஷார்ப் 5-இல் வந்த 'காலர் லைன் நம்பர்' அட்ரிப்யூட்டை ஒட்டுங்கள். எந்த வரியில் ஒட்டினீர்களோ அந்த வரி எண்ணைக் கம்பைலர் தானே நிரப்பும். ஒரே கோப்பில் இருக்கும் கிளாஸுக்கு மேலிருந்து கீழ் வரிசை அப்படியே கிடைத்துவிடும். அழகான வித்தை, சந்தேகமில்லை. ஆனாலும் யாரோ வரியை நகர்த்தியதால் வெளியே போகும் கோப்பின் அமைப்பு மாறுவது எனக்கு ஒப்பவில்லை. எண்ணே எழுதுவேன்.

அட்ரிப்யூட் படிப்பதால் நிரல் மெதுவாகுமா?

ஒரு முறை படித்தால் உறைக்காது. பத்தாயிரம் மாணவர்களுக்கு, ஒவ்வொரு வரி எழுதும்போதும், ஒவ்வொரு பிராப்பர்ட்டிக்கும் மறுபடி மறுபடி படித்தால் உறைக்கும். ஒவ்வொரு கேள்விக்கும் பைட்களைப் பிரித்து ஆப்ஜெக்ட் கட்டுகிறதே. தீர்வு பழையதுதான்: டைப்பைச் சாவியாக வைத்து ஒரு 'கன்கரன்ட் டிக்‌ஷனரி'யில் போட்டுவையுங்கள். இன்னும் சுருக்கமாக, ஒரு ஸ்டாடிக் ஜெனரிக் கிளாஸ் எழுதி அதன் ஸ்டாடிக் ஃபீல்டில் வையுங்கள். டைப்புக்கு ஒன்றாக ஃபீல்டு தனித்தனியே உருவாகும், முதல் தொடுதலில் ஒரு முறை மட்டும் நிரம்பும், லாக் தொல்லையும் இல்லை. அட்ரிப்யூட் உண்மையில் ஓடும்போது மாறவே மாறாது என்பதால், கேஷைக் காலி செய்யும் கவலையும் கிடையாது.

தாய் கிளாஸில் ஒட்டியது பிள்ளைக் கிளாஸில் ஏன் கிடைக்கவில்லை?

மூன்று இடங்களில் இடறலாம்.

தாய் கிளாஸின் மேலேயே ஒட்டியிருந்தால் பொதுவாகக் கிடைக்கும். கிடைக்காவிட்டால், 'இன்ஹெரிட்டட்' என்பதை யாராவது ஃபால்ஸ் ஆக்கியிருக்கிறார்களா பாருங்கள்.

இரண்டாவது, பிராப்பர்ட்டி. தாயில் 'விர்ச்சுவல்' பிராப்பர்ட்டியின் மேல் ஒட்டியிருக்கிறீர்கள். பிள்ளை அதை ஓவர்ரைட் செய்கிறது, மறுபடி ஒட்டவில்லை. பிராப்பர்ட்டி இன்ஃபோ ஆப்ஜெக்ட்டின் சொந்த 'கெட் கஸ்டம் அட்ரிப்யூட்ஸ்' மெத்தடை அழைத்து 'இன்ஹெரிட்' இடத்தில் ட்ரூ கொடுத்தாலும் வெறும் கைதான். பிராப்பர்ட்டிக்கும் ஈவென்ட்டுக்கும் அந்த மெத்தட் இன்ஹெரிட் பாராமீட்டரைக் கண்டுகொள்வதே இல்லை. ஆவணத்திலேயே எழுதியிருக்கிறது, யார் படிக்கிறார்கள். 'அட்ரிப்யூட்' கிளாஸில் உள்ள ஸ்டாடிக் மெத்தட்களோ, மேலே சொன்ன எக்ஸ்டென்ஷன் மெத்தட்களோ தாய்வரை ஏறித் தேடும். இரண்டும் ஏறக்குறைய ஒரே பெயரில் இருப்பதால், ஒரு மெத்தடை இன்னொன்றாக மாற்றியதும் "தானாகச் சரியாகிவிட்டது" என்று நினைப்பவர்கள் உண்டு.

மூன்றாவது, இன்டர்ஃபேஸ். இன்டர்ஃபேஸின் மேல் ஒட்டியது அதை நிறைவேற்றும் கிளாஸுக்கு எந்த அமைப்பிலும் வராது. வேண்டுமென்றால் கிளாஸின் இன்டர்ஃபேஸ்களை நீங்களே வரிசையாக எடுத்துத் தேட வேண்டும்.

தாயிலும் பிள்ளையிலும் இரண்டிலும் ஒட்டியிருந்தால் என்ன ஆகும்? ஒருமுறைதான் ஒட்டலாம் என்ற வகைக்குப் பிள்ளையில் உள்ளதே செல்லும். பலமுறை ஒட்டலாம் என்ற வகைக்கு இரண்டும் சேர்ந்து வரும்.

ரெக்கார்டில் ஒட்டினால் வேலை செய்யவில்லையே?

ரெக்கார்டின் பெயருக்குப் பக்கத்து அடைப்பில் பாராமீட்டர் போல எழுதுகிறோம் அல்லவா, அங்கே ஒட்டும் அட்ரிப்யூட் பாராமீட்டருக்கே போகிறது. அதிலிருந்து கம்பைலர் உருவாக்கும் பிராப்பர்ட்டிக்குப் போவதில்லை. நம் நெடுவரிசையைப் பிராப்பர்ட்டிக்கு மட்டும் என்று கட்டுப்படுத்தியிருந்தால் கம்பைல் பிழை வந்து காப்பாற்றும். எதன் மேலும் ஒட்டலாம் என்று விட்டிருந்தால் சத்தமில்லாமல் தொலையும். அட்ரிப்யூட்டின் முன்னால் 'பிராப்பர்ட்டி' என்ற இலக்குச் சொல்லை எழுதி முக்காற்புள்ளி வைத்தால் சரியான இடத்துக்குப் போகும். இதேபோல 'ஃபீல்டு' என்ற இலக்கைப் போட்டு, ஆட்டோ பிராப்பர்ட்டியின் பின்னால் மறைந்திருக்கும் ஃபீல்டின் மேல் ஒட்டுவது சி ஷார்ப் 7.3 முதல் நடக்கிறது.

இதில் ஒரு முரண். ஏஎஸ்பி டாட்நெட் கோர் எம்விசி, ரெக்கார்டின் சரிபார்ப்பு அட்ரிப்யூட்கள் பாராமீட்டரின் மேலேயே இருக்க வேண்டும் என்கிறது. பிராப்பர்ட்டிக்கு மாற்றினால் எக்ஸப்ஷன். நேரடியாக 'வேலிடேட்டர்' கிளாஸை அழைத்தாலோ அது பிராப்பர்ட்டியைத்தான் பார்க்கும். படிப்பவர் யார் என்று முதலில் கேளுங்கள் என்றதன் அர்த்தம் இதுதான்.

சரிபார்ப்புக்கு என் சொந்த அட்ரிப்யூட் எழுதலாமா?

தாராளமாக. 'வேலிடேஷன் அட்ரிப்யூட்' கிளாஸிலிருந்து இன்ஹெரிட் செய்து 'ஈஸ் வேலிட்' மெத்தடை ஓவர்ரைட் செய்யுங்கள். படிக்கும் நிரலை எழுதும் வேலை உங்களுக்கு இல்லை, ஃபிரேம்வொர்க்கே படித்துக்கொள்ளும். அஞ்சல் குறியீட்டுக்கு எழுதுவோம்: இந்தியாவில் 6 இலக்கம், முதல் இலக்கம் பூஜ்யமாக இருக்காது.

கவனிக்க வேண்டியவை சில. மதிப்பு நல் என்றால் சரி என்றே சொல்லிவிடுங்கள். காலியாக இருக்கலாமா என்று பார்ப்பது 'ரிக்வயர்டு' அட்ரிப்யூட்டின் வேலை. இரண்டையும் சேர்த்தால் விருப்பப் புலங்களுக்கு உங்கள் அட்ரிப்யூட் பயன்படாது. இன்ட் பிராப்பர்ட்டியின் மேல் 'ரிக்வயர்டு' போட்டு அது பூஜ்யத்தைத் தடுக்கும் என்று நம்ப வேண்டாம். பூஜ்யமும் ஒரு மதிப்புதான். 'ட்ரை வேலிடேட் ஆப்ஜெக்ட்' மெத்தடை நீங்களே அழைக்கும்போது, எல்லாப் பிராப்பர்ட்டிகளையும் சோதி என்ற கடைசிப் பாராமீட்டருக்கு ட்ரூ கொடுங்கள். கொடுக்காவிட்டால் 'ரிக்வயர்டு' மட்டும்தான் சோதிக்கப்படும், உங்கள் அஞ்சல் குறியீட்டு அட்ரிப்யூட்டை அது தொடவே தொடாது. சரிபார்ப்பு அட்ரிப்யூட் ஆப்ஜெக்ட்களை ஃபிரேம்வொர்க் எடுத்து வைத்துக்கொண்டு பல ரிக்வெஸ்ட்களுக்கும் பயன்படுத்தும். ஆகவே 'ஈஸ் வேலிட்' நடக்கும்போது ஃபீல்டில் எதையும் சேமிக்காதீர்கள்.

தமிழில் உள்ளீடு வாங்கும் நிரல்களுக்கு ஒரு குறிப்பு. ரெகுலர் எக்ஸ்பிரஷனில் 'ஏதாவது ஓர் இலக்கம்' என்பதற்கான சுருக்கக் குறி, டாட்நெட்டில் எல்லா யூனிகோட் இலக்கங்களுக்கும் பொருந்தும். ௬௨௫௦௦௧ என்று தமிழ் எண்ணில் தட்டினாலும் சரிபார்ப்பைத் தாண்டிவிடும், பிறகு 'இன்ட்.பார்ஸ்' எக்ஸப்ஷன் வீசும். 0 முதல் 9 வரை என்று வெளிப்படையாக எழுதிவிடுங்கள்.

அட்ரிப்யூட்டுக்குள்ளிருந்து டேட்டாபேஸைத் தொடலாமா? டிபென்டன்சி இன்ஜெக்‌ஷன் (தேவையான ஆப்ஜெக்ட்களை வெளியிலிருந்து கொடுப்பது) நடக்குமா?

கன்ஸ்ட்ரக்டருக்குக் கான்ஸ்டன்ட்தான் போகும் என்று பார்த்தோம். டேட்டாபேஸைத் தொடும் ரிப்பாசிட்டரியைக் கொடுக்க வழியில்லை. சிலர் உள்ளே ஒரு ஸ்டாடிக் சர்வீஸ் லொக்கேட்டரை வைத்துச் சமாளிக்கிறார்கள். அதை டெஸ்ட் செய்ய உட்காரும்போது வருந்துவார்கள்.

அட்ரிப்யூட்டில் தகவல் மட்டும் இருக்கட்டும், வேலையை வேறு கிளாஸ் செய்யட்டும். 'இந்தச் செயலுக்குத் தலைமையாசிரியர் அனுமதி வேண்டும்' என்று மட்டும் அட்ரிப்யூட் சொல்லும். அதைப் படித்து, டேட்டாபேஸில் பார்த்து, தடுப்பது ஒரு ஃபில்டர் அல்லது மிடில்வேர். அந்தக் கிளாஸுக்கு டிபென்டன்சிகள் முறைப்படி கிடைக்கும். ஏஎஸ்பி டாட்நெட் கோரில் ஃபில்டரையே ஒட்ட வேண்டுமென்றால் 'சர்வீஸ் ஃபில்டர்', 'டைப் ஃபில்டர்' இரண்டும் அதற்காகவே இருக்கின்றன. சரிபார்ப்பு அட்ரிப்யூட்டில் மட்டும், 'வேலிடேஷன் கான்டெக்ஸ்ட்' வழியாகச் சர்வீஸ் கேட்டு வாங்கலாம். முடியும் என்பதால் செய்ய வேண்டியதில்லை.

ஜெனரிக் அட்ரிப்யூட் எழுத முடியுமா?

2022 நவம்பரில் டாட்நெட் 7-உடன் வந்த சி ஷார்ப் 11 முதல் முடியும். டைப்பைக் கன்ஸ்ட்ரக்டரில் கொடுத்ததற்குப் பதில் [மாற்றி<தேதிமாற்றி>] என்று எழுதலாம். 'தேதிமாற்றி' குறிப்பிட்ட இன்டர்ஃபேஸை நிறைவேற்ற வேண்டும் என்ற கட்டுப்பாட்டைக் கம்பைலரே பார்த்துக்கொள்ளும் என்பதுதான் லாபம். ஒட்டும் இடத்தில் முழுமையான டைப் வேண்டும். சுற்றியுள்ள ஜெனரிக் கிளாஸின் டைப் பாராமீட்டரைக் கொடுக்க முடியாது.

நேட்டிவ் ஏஓடி (நிரலை முன்கூட்டியே இயந்திர மொழிக்கு மாற்றுவது), டிரிம்மிங் என்று வந்தபின் ரிஃப்ளெக்‌ஷன் நம்பி எழுதலாமா?

யோசித்து எழுதுங்கள். டிரிம்மர், யாரும் நேரடியாகத் தொடாத பிராப்பர்ட்டிகளை வெட்டி எறியும். ரிஃப்ளெக்‌ஷனில் மட்டும் தொடப்படும் பிராப்பர்ட்டி அதன் கண்ணில் படாது. அதற்குத் தப்பிக்க ஒரு வழி, படிக்கும் வேலையை ரன்டைமிலிருந்து கம்பைல் நேரத்துக்கு நகர்த்துவது. சி ஷார்ப் 9 காலத்தில் வந்த சோர்ஸ் ஜெனரேட்டர் அதைத்தான் செய்கிறது: உங்கள் அட்ரிப்யூட் ஒட்டிய இடங்களைக் கம்பைலருக்குள்ளிருந்தே கண்டுபிடித்து, 'பதிவு எண்ணை எழுது, பெயரை எழுது' என்று நேரடியான சி ஷார்ப் வரிகளை உருவாக்கித் தருகிறது. சிஸ்டம் டெக்ஸ்ட் ஜேசன் டாட்நெட் 6 முதல் இந்த வழியையும் வைத்திருக்கிறது. ஜெனரேட்டர் எழுதுவது ரிஃப்ளெக்‌ஷனைவிடக் கடினமான வேலை. வீட்டுக்குள் ஓடும் சின்ன நிரலுக்கு அவ்வளவு மெனக்கெட வேண்டியதில்லை.

எதையெல்லாம் அட்ரிப்யூட்டில் வைக்கக் கூடாது?

மாறக்கூடியதை. அதில் இருப்பது மாற வேண்டுமென்றால் கம்பைல் செய்து மறுபடி நிறுவ வேண்டும். பில் போடும் நிரலில் பொருள் வகையின் மேல் வரி விகிதத்தை அட்ரிப்யூட்டாக ஒட்டுவது பார்க்க நேர்த்தியாக இருக்கும். 2025 செப்டம்பர் 22 அன்று இந்தியாவில் ஜிஎஸ்டி அடுக்குகள் மாற்றியமைக்கப்பட்டன. அப்படி எழுதியவர் அன்று புது எண்ணைப் போட்டுக் கம்பைல் செய்தால், செப்டம்பர் 21 வரையிலான பில்களை மறுபடி அச்சிடும்போது அவையும் புது விகிதத்தில் வரும். விகிதம் என்பது தேதியோடு சேர்ந்த தரவு, டேட்டாபேஸில் இருக்க வேண்டியது.

கடவுச்சொல், இணைப்பு விவரம் போன்றவையும் கூடாது. அசெம்பிளியைத் திறந்து பார்க்கத் தெரிந்த எவரும் அவற்றை அப்படியே படிக்கலாம். ஒரே ஒரு இடத்தில் மட்டும் தேவைப்படும் விஷயத்துக்கும் அட்ரிப்யூட் வேண்டாம், ஒரு சாதாரண மெத்தட் போதும்.

ஜாவா, பிஹெச்பி, பைத்தானில் இதற்கு இணை உண்டா?

ஜாவாவில் அனொட்டேஷன், 2004-இல் ஜாவா 5-உடன் வந்தது. அங்கே தடுக்கி விழும் இடம் 'ரிட்டென்ஷன்'. ஒன்றும் சொல்லாவிட்டால் அனொட்டேஷன் கிளாஸ் கோப்பில் இருக்கும், ஆனால் ஓடும்போது ரிஃப்ளெக்‌ஷனுக்குத் தெரியாது. 'ரன்டைம்' என்று வெளிப்படையாகக் கேட்க வேண்டும். பிஹெச்பி 8.0 இதை 2020-இல் சேர்த்தது. அங்கும் நீங்கள் கேட்கும்போதுதான் ஆப்ஜெக்ட் உருவாகும். பைத்தானின் டெக்கரேட்டர் தோற்றத்தில் மட்டும் ஒத்தது. அது ஃபங்ஷன், வரையறுக்கும் கணத்திலேயே ஓடிவிடும், ஒட்டிய பொருளையே மாற்றிவிடவும் கூடும்.

என் அட்ரிப்யூட்டைப் பலர் பயன்படுத்துகிறார்கள். அதில் புதிதாக ஒன்று சேர்க்க வேண்டும், எப்படி?

புது பிராப்பர்ட்டியாகச் சேருங்கள். கன்ஸ்ட்ரக்டரைத் தொடாதீர்கள். விருப்பப் பாராமீட்டர் ஒன்று சேர்த்தால் என்ன, பழைய நிரல் அப்படியே கம்பைல் ஆகுமே என்று தோன்றும். மறுபடி கம்பைல் செய்தால் ஆகும். செய்யாத பழைய அசெம்பிளிகளின் மெட்டாடேட்டாவில் பழைய கன்ஸ்ட்ரக்டரின் கையொப்பம், அதாவது அதன் பாராமீட்டர் வகைகளின் பட்டியல்தான் பதிவாகியிருக்கிறது. புது டிஎல்எல்-இல் அந்தக் கையொப்பம் உள்ள கன்ஸ்ட்ரக்டர் இல்லை. படிக்கப்போகும் கணத்தில் எக்ஸப்ஷன் வரும், அதுவும் நெடுவரிசையைத் தொடாத யாரோ ஒருவரின் திரையில். கன்ஸ்ட்ரக்டரில்தான் வேண்டும் என்றால் பழையதை விட்டுவைத்து, பக்கத்தில் இன்னொன்று எழுதுங்கள்.